சிவப்புக்கு அப்பால் கண்ட வில்லியம் ஹெர்ஷல்

ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகரில், காவற்படையின் இசைக்குழுவில் ஓபோ என்னும் ஊதுகருவியை வாசித்துப் பிழைத்து வந்தார் ஐசக் ஹெர்ஷல். அவருக்கு 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்த மகனே பிற்காலத்தில் சர் வில்லியம் ஹெர்ஷல் என்று உலகம் போற்றிய வானநூல் அறிஞர். தந்தையின் தொழிலையே இளமையில் மகனும் மேற்கொண்டார். 1757ஆம் ஆண்டில் போர் மூண்டு பிரெஞ்சுப் படை ஹனோவரைப் பிடித்துக்கொண்டது. வில்லியம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இசைச்சுவடிகளைப் பிரதி எடுத்தும், பிள்ளைகளுக்கு இசை கற்பித்தும் காலம் தள்ளினார். 1766ஆம் ஆண்டு பாத் என்னும் நகரிலுள்ள ஆக்டகன் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பதவி கிடைத்தது. அதன்பிறகுதான் அவருடைய வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது.

அவருடைய தங்கை கரோலினைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளை விட்டுவிட்டு அண்ணனின் கதையைச் சொல்ல முடியாது. கரோலின் 1750இல் பிறந்தவள். பத்து வயதில் கண்ட நச்சுக்காய்ச்சல் அவளுடைய வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. வாழ்நாள் முழுவதும் நான்கடி மூன்று அங்குல உயரந்தான். இவளுக்குத் திருமணம் ஆகாது, வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்று தாய் முடிவு செய்துவிட்டாள். படிப்பும் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம், தையலும் துவைத்தலும் போதும் என்பது அந்தத் தாயின் தீர்ப்பு. தகப்பனார் மட்டும் தாய்க்குத் தெரியாமல் அவ்வப்போது வயலின் சொல்லிக்கொடுத்தார். 1772இல் வில்லியம் ஊருக்கு வந்து தங்கையைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன தெரியுமா? கரோலின் செய்துவந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளும்படி ஆண்டுதோறும் தாய்க்குப் பணம் அனுப்ப ஒப்புக்கொண்டார். பாத் நகரில் அண்ணனிடம் பயின்ற கரோலின், ஹாண்டலின் மெசையா இசைப்படைப்பில் தனித்துப் பாடும் அளவுக்குத் தேர்ந்தாள்.

இதற்கிடையில் அண்ணனை வானநூல் பற்றிக்கொண்டது. 1773இல் நூல்களை வாங்கிப் படித்தார். தொலைநோக்கி வாங்க வசதியில்லை. ஆகவே தாமே செய்யத் துணிந்தார். தொலைநோக்கியின் ஆடியை அக்காலத்தில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்த்து, பிறகு கையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மெருகேற்றும்போது கையை எடுத்தால் ஆடியின் வளைவு கெட்டுவிடும் என்பதற்காக, ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் இடைவிடாமல் தேய்த்தார். கரோலின் அருகில் நின்று உணவை அண்ணனின் வாயில் ஊட்டினாள். களைப்பு மறக்கக் கதைகளைப் படித்துக் காட்டினாள். வார்ப்பு அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்ததும் அவள்தான். 1781இல் ஒரு பெரிய ஆடியை வார்த்தபோது உருகிய உலோகம் கசிந்து கல் தரையில் ஓடியது. தரைக்கற்கள் வெடித்து நாற்புறமும் சிதறின. எல்லோரும் கதவை நோக்கி ஓடி உயிர் தப்பினார்கள்.

அதே 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவில் அவர் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். இது பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் விரிக்கவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் மானியம் தந்தார். இசைத்தொழில் முடிந்து வானநூலே தொழிலாயிற்று. பின்னர் ஸ்லௌ என்னும் ஊரில் நாற்பதடி நீளமுள்ள தொலைநோக்கியை நிறுவினார். அண்ணன் தொலைநோக்கி வழியாகக் கண்டதை உரக்கச் சொல்ல, தங்கை கீழே அமர்ந்து எழுதிக்கொள்வாள். இப்படி அவர்கள் அட்டவணைப்படுத்திய வான்முகில்களும் விண்மீன் கூட்டங்களும் 2500.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது 1800ஆம் ஆண்டில் நடந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. சூரியனிலுள்ள புள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண் பொசுங்காதிருக்கத் தொலைநோக்கியில் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார். அப்போது ஒரு விந்தை புலப்பட்டது. சில கண்ணாடிகள் வெளிச்சத்தை மிகவும் குறைத்தன. ஆயினும் கண்ணில் சூடு தாங்கவில்லை. வேறு சில கண்ணாடிகளில் வெளிச்சம் ஏராளம், சூடோ குறைவு. வேறொருவராயின் நல்ல கண்ணாடியை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கியிருப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அளவில் வெப்பம் இருக்குமோ என்ற ஐயம் இவருக்கு எழுந்தது.

ஒரு முப்பட்டகத்தால் சூரிய ஒளியை ஏழு நிறங்களாகப் பிரித்து மேசையின்மேல் விழச் செய்தார். மூன்று வெப்பமானிகளின் குமிழ்களைக் கறுப்பாக்கினார். ஒன்றை நிறத்தில் வைத்தார். மற்றவை அறையின் வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிறத்துக்கு வெளியே இருந்தன. ஊதாவில் 2 டிகிரி ஏறியது. பச்சையில் 3¼ டிகிரி. சிவப்பில் ஏறக்குறைய 7 டிகிரி. (இவை பாரன்ஹீட் அளவுகள்.) பிறகு வெப்பமானியைச் சிவப்பின் ஓரத்தைத் தாண்டி, கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாத இடத்தில் வைத்தார். வெப்பம் இன்னும் உயர்ந்தது! வெறும் மேசையாகத் தோன்றிய இடத்தில் சூரியனின் கதிர்கள் விழுந்துகொண்டிருந்தன. இவற்றையே நாம் அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம். அந்தப் பெயர் அவர் வைத்ததன்று, பின்னால் வந்தது. அடுத்த ஆண்டே ரிட்டர் என்னும் ஜெர்மானியர் ஊதாவின் மறுபக்கத்தில் தேடிப் புறஊதாக் கதிர்களைக் கண்டார்.

ஹெர்ஷல் தவறே செய்யாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒளியும் இந்த வெப்பக் கதிரும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று முதலில் சரியாகவே எண்ணியவர், மேலும் சோதனை செய்தபின் அவை வெவ்வேறானவை என்று மாற்றிக்கொண்டார். கண்ணாடிகள் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுத்ததே அவரைக் குழப்பிற்று. சூரியனில் உயிர்கள் வாழ்கின்றன என்றுகூட அவர் நம்பினார். முப்பட்டகத்தையும் வெப்பமானியையும் வைத்து இவ்வளவு பொறுமையாகச் சோதித்தவர் அதை எப்படி நம்பினாரோ!

இன்று நம் வீடுகளிலுள்ள டிஜிட்டல் காமிராவுக்குள்ளும் ஹெர்ஷலின் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. காமிராவின் சென்சார் சிலிக்கன் என்னும் பொருளால் ஆனது. நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியையே காணும்; சிலிக்கனோ ஏறக்குறைய 1100 வரை உணரும். அதை அப்படியே விட்டால் அகச்சிவப்பும் படத்தில் கலந்து, நிறங்கள் கெட்டுவிடும். ஆகவே சென்சாரின் முன்னே இளநீலச் சாயல் கொண்ட ஒரு சிறு வடிகண்ணாடியைப் பதிக்கிறார்கள். அது நிறத்தை விட்டு வெப்பக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. ஹெர்ஷல் சூரியனைப் பார்க்கத் தேடிய அதே வகை.

வானத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடியே இடையூறு. வான்முகில்களிலுள்ள ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டர் அளவில் ஆழ்ந்த சிவப்பு ஒளியை வீசுகிறது. இது கண்ணுக்குத் தெரியும் ஒளியே என்றாலும், வடிகண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும்போது இதிலும் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. எனவே சிலர் காமிராவையே பிரித்து அக்கண்ணாடியை அகற்றுகிறார்கள். மின்கலத்தை எடுத்துவிட்டு, நெல்மணியளவுள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கிருந்தது என்று தாளில் குறித்துக்கொண்டு, நாடா போன்ற மின்இணைப்புகளை மெல்ல விடுவித்துச் சென்சாரை அடைய வேண்டும். கண்ணாடியை எடுத்தபின் வெறுமனே விட்டால் குவியம் இடம் மாறிவிடும். ஆகவே தக்க கனமுள்ள தெளிந்த கண்ணாடி ஒன்றை அங்கே வைப்பார்கள். ஒரு தூசு உள்ளே போனாலும் ஒவ்வொரு படத்திலும் தெரியும். மாணவிகள் இதைப் படித்துவிட்டு அப்பாவின் காமிராவுடன் திருப்புளியை எடுத்து உட்கார்ந்துவிட வேண்டாம். ஃபிளாஷ் விளக்குக்கான மின்தேக்கி, மின்கலத்தை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் கடுமையாகத் தாக்கும். இந்தத் தொல்லையைக் கண்டு, 2005இல் கேனன் நிறுவனமே வானப் படத்துக்கென்று வடிகண்ணாடி மாற்றிய காமிரா ஒன்றை வெளியிட்டது.

ஹெர்ஷல் 1788இல் மேரி பிட் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அதுவரை அண்ணன் வீட்டை ஆண்ட கரோலின் தனி இல்லத்துக்குப் போகவேண்டி வந்தது. அடுத்த சில ஆண்டுகளின் நாட்குறிப்புகளை அவள் பின்னாளில் அழித்துவிட்டாள். அவள் மனத்தில் இருந்ததை நாம் ஊகிக்கத்தான் வேண்டும். ஆயினும் அண்ணியோடு பின்பு நல்லுறவு ஏற்பட்டது. 1786 முதல் 1797 வரை எட்டு வால் நட்சத்திரங்களை அவள் கண்டாள். 1787 முதல் மன்னர் அவளுக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். துணி துவைக்க மட்டும் போதும் என்று வைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு, 1828இல் அரச வானநூல் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது.

வில்லியத்தின் ஒரே மகன் ஜான், தந்தையைப் போலவே அறிஞர். புகைப்படம் மங்காமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ என்னும் உப்பின் குணத்தைக் கண்டவர் அவரே. நெகடிவ், பாசிடிவ் என்ற சொற்களைப் புகைப்படத் துறைக்குத் தந்தவரும் அவரே. 1840இல் தந்தை கண்ட அகச்சிவப்புக் கதிர்களையே, சாராயத்தில் நனைத்த கறுப்புத் தாளின்மேல் விழச் செய்து, அது உலரும் விதத்தால் உருவம் பதியச் செய்தார்.

வில்லியம் ஹெர்ஷல் 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஸ்லௌவில் காலமானார். ஹனோவருக்குத் திரும்பிய கரோலின் 1848 வரை, தொண்ணூற்றேழு வயது வரை, வாழ்ந்தாள்.

தம் கையால் செய்த தொலைநோக்கியில் 1774ஆம் ஆண்டு வில்லியம் பார்த்து எழுதிய முதற்குறிப்புகளில் ஒன்று ஓரியன் வான்முகிலைப் பற்றியது. இருளில் நம் கண்ணுக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே அவருக்கு அது சாம்பல் நிறப் புகைபோலவே தெரிந்திருக்கும். வடிகண்ணாடி நீக்கிய காமிராவில் அதே முகிலைச் சில நிமிடங்கள் படம் பிடித்தால், செம்பருத்திப் பூவைப்போல் சிவந்து விரிந்திருக்கக் காணலாம்.