முத்துலட்சுமி ரெட்டி: தங்கையைப் பறித்த புற்றுநோய்... அடையாறில் உருவான மருத்துவமனை! குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் நமக்கும் வருமா?

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கத்து கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பெயர் நல்லாவே தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும் மகப்பேறு நிதியுதவித் திட்டம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் இருக்கு. ஆனால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகவும் இவர்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இவர்?

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் வாசல் தாண்டுவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில், எதிர்ப்பை மீறி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தார்.

பின்னர் சென்னை மாகாண சட்டசபைக்குச் சென்ற முதல் பெண் உறுப்பினரானார். துணைத் தலைவர் பதவியும் வகித்தார். தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். 1947-ல் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும் தொடங்கினார்.

வாழ்க்கையைத் திருப்பிய மரணம்

1923-ல் தங்கையை இழந்தார். வந்தது மலக்குடல் புற்றுநோய். ஆனா முதல்ல சீதபேதின்னு நினைச்சு சிகிச்சை கொடுத்தாங்க. உண்மை தெரிந்தபோது நோய் முற்றிவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியல.

அதன்பிறகு 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனவர், அங்கே புற்றுநோய் சிகிச்சையை நேரில் பார்த்தார். சென்னையிலும் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். புற்றுநோய் வந்தாலே சாவுதான், அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. விடாமல் நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ல் வெறும் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். 1956-ல் பத்மபூஷண் பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22-ல் காலமானார்.

சரி, புற்றுநோய் பரம்பரையா வருமா?

பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவதில்லை. ஆனா சில குடும்பங்களில் மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதுண்டு. இதை ஆராயவும் ஆலோசனை சொல்லவும் அடையாறு மருத்துவமனையில் தனிப் பிரிவே செயல்படுகிறது. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்று வம்ச வரைபடம் போடுவார்கள். தேவைப்பட்டால் ரத்தத்தில் மரபணு பரிசோதனை செய்வார்கள்.

நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் பீடி, சிகரெட்தான். ஆனா புகைக்காதவர்களுக்கும் வருகிறது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு வந்திருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து சற்று அதிகம் என ஆய்வுகள் சொல்கின்றன. இதில் மரபணுவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே வீட்டில் பீடிப் புகை, விறகடுப்புப் புகையை எல்லாரும் சேர்ந்துதானே சுவாசிக்கிறோம்? அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வாளர்களுக்குப் பெரிய சவால்.

இன்னொரு குழப்பம்: நோயாளியின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கு என்று ரிப்போர்ட் வந்தால், பிள்ளைகளுக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் கட்டியில் மட்டுமே ஏற்பட்ட மாற்றம். மருந்தைத் தேர்வு செய்யத்தான் அந்தப் பரிசோதனை. பிறவியிலேயே இந்த மாற்றம் இருப்பது மிக அபூர்வம்.

நாம என்ன செய்யணும்?

* குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்தால், மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்க.
* நெருங்கிய உறவில் பலருக்கோ, இளம் வயதிலோ வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்க.
* மூணு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு இருந்தால் தள்ளிப்போடாதீங்க.
* பீடி, சிகரெட்டை நிறுத்துங்க. மரபணுவை மாற்ற முடியாது, இதை முடியும்.

உத்திரமேரூர் மக்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. முத்துலட்சுமியின் தங்கைக்கு அன்று கிடைக்காத வசதி, இன்று பக்கத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் போனால் மட்டுமே அதுக்குப் பலன்.