பல்லை வரைந்தவர்



டிராயிங் பேப்பர் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரே பொருளை எதற்கு இத்தனை பக்கம் திருப்பித் திருப்பி வரையணும் என்று நானும் சலித்துக்கொண்டவன்தான். ஜார்ஜ் குவியேயின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தச் சலிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

குவியே 1769-ல், இன்று பிரான்ஸில் இருக்கும் மோன்பெலியார் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. பென்ஷன் குறைவு. பூஃபோன் எழுதிய விலங்கு நூலின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தே பையனுக்குக் கை பழகியது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் படிப்பை முடித்தார். வேலை? கிடைக்கவில்லை! (நம்ம கதை மாதிரியே இருக்குல்ல?) சும்மா உட்கார வீட்டில் வசதியில்லை. 1788-ல் நார்மண்டியில் ஒரு பணக்காரர் வீட்டுப் பையனுக்குப் பாடம் சொல்லித்தரப் போனார். பக்கத்தில் கடல். கிடைத்த மீன், கணவாய் எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்து வரைந்து வைத்தார். அந்தக் குறிப்புகள் பாரிஸ் அறிஞர்கள் கண்ணில் பட்டன. 1795-ல் அங்கே அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது.

அங்கு அவர் ஆராய்ந்தது யானைப் பல். இலங்கையிலிருந்து வந்த ஒரு மண்டையோடு, ஆப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து வந்த இன்னொன்று. கடைவாய்ப் பல்லை மேலிருந்து, அதாவது நம்ம டாப் வியூவில் பார்த்தால், இலங்கை யானைக்குக் குறுக்கே ஓடும் ஒடுக்கமான பட்டைகள். ஆப்பிரிக்க யானைக்குச் சீட்டுக்கட்டு டைமண்ட் வடிவம். ஆக, இரண்டும் வேறு வேறு இனம். சைபீரிய மண்ணில் கிடைத்த மாமத்தின் பல்லிலோ பட்டைகள் இன்னும் மெலிசு, இன்னும் நெருக்கம். சாதாரண யானையை வெள்ளம் அங்கே அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அன்று பலர் நம்பினார்கள். கடவுள் படைத்த ஓர் இனம் அடியோடு அழியும் என்பதை ஏற்க அவர்களுக்கு மனசு வரவில்லை. அது அழிந்துபோன தனி இனம் என்று 1796-ல் குவியே அறிவித்தார். அப்போது அவருக்கு வயசு 26!

1800-ல் ஐரோப்பா முழுதுமுள்ள அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தங்களிடமுள்ள புதைபடிவ எலும்புகளைத் துல்லியமாக வரைந்து அனுப்பச் சொன்னார். ஒரு கோடு பிசகினால் விலங்கே மாறிவிடுமே! 1812-ல் அவருடைய நூல் நான்கு பாகங்களாக வந்தது. பல படங்கள் அவர் கையாலேயே வரைந்தவை.

மனிதர்களை இனவாரியாக உயர்வு தாழ்வு பிரித்து அவர் எழுதியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பல் விஷயத்திலும் ஒருமுறை சறுக்கினார். இங்கிலாந்து டாக்டர் மேண்டலிடமிருந்து 1823-ல் வந்த ஒரு பல்லைக் காண்டாமிருகத்தின் பல் என்று சொல்லிவிட்டார். பின்பு அதே மாதிரி வேறு பற்களையும் பார்த்ததும், தாவரம் தின்னும் ஊர்வனவாக இருக்கலாம் என்று மாற்றிக்கொண்டார். 1824-ல், தான் சொன்னது தப்பு என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். 1825-ல் மேண்டல் அந்த விலங்குக்கு இகுவானோடான் என்று பெயர் வைத்தார். டைனோசர்களில் இரண்டாவதாகப் பெயர் பெற்றது அதுதான்.

குவியே 1832-ல் பாரிஸில் காலமானார்.