பார்வையற்றவர் கண்ட ராணித் தேனீ

கொல்லிமலையில் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவர்களைக் கேளுங்கள். தேனைப் பார்ப்பதற்கு முன் புழு அடையைப் பார்க்கவேண்டும் என்பார்கள்.

அறைகள் இடைவெளி இல்லாமல் மூடியிருந்தால் ராணி நல்ல ராணி. பணித் தேனீ வளரவேண்டிய அறைகளில் ஆண் புழுக்களே நிறைந்து, மூடிகள் குமிழ் குமிழாகத் தெரிந்தால் ஆபத்து! உழைக்க ஆள் இல்லாமல் அந்தக் கூட்டம் அழிந்துவிடும்.

ராணி இப்படிக் கெடுவது ஏன்? ஒரு முக்கிய காரணத்தைக் கண்டு சொன்னவர், கண் தெரியாத ஒருவர்.

பிரான்சுவா ஹூபர் 1750-ல் ஜெனீவாவில் பிறந்தார். 15 வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. அவரை விரும்பிய மேரிக்கு அவள் தந்தை சம்மதம் தரவில்லை. மேரி 25 வயது வரை காத்திருந்து அவரையே மணந்தாள்.

தேனீயைப் பார்க்க ஆள் வேண்டுமே? பர்னன்ஸ் என்ற வேலைக்காரர் கிடைத்தார். ஹூபர் கேட்பார், பர்னன்ஸ் பார்த்துச் சொல்வார். ஒரு முறை இரண்டு கூடுகளின் தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். 11 நாள் ஆயிற்று. என்ன பொறுமை!

புத்தகம்போல் ஏடு ஏடாகத் திறக்கும் கூடு ஒன்றும் செய்தார்கள். ராணி வெளியே பறந்து சென்றுதான் ஆண் தேனீயோடு சேருகிறது என்று தெரிந்தது. பிறந்து 20 நாளுக்கு மேல் ராணியை வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். பிறகு அது இட்ட முட்டைகளில் ஆண் தேனீக்களே பிறந்தன!

1792-ல் ஹூபரின் நூல் வெளிவந்தது. 1831-ல் காலமானார்.

1910-ஐ ஒட்டி, திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டி செய்தார். அதில் அடையைச் சட்டத்தோடு தூக்கிப் புழுவைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிடலாம்.