யானைத் தடங்களில் வீதி கண்ட ஸ்கின்னர்

கல்முனையிலிருந்து அம்பாறை, மகா ஓயா வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ் மஹியங்கனையைத் தாண்டியதும் பதினெட்டு வளைவு எனப்படும் பாதையில் மூச்சுவாங்கி ஏறும். இப்படியான வீதிகள் வருமுன், நம் கரையோர முஸ்லிம்கள் தவள மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு காட்டுவழியே ஊவாவுக்கு நடந்தார்கள்.

மலைநாட்டு வீதிகளின் கதையில் முதலில் வரும் பெயர் தோமஸ் ஸ்கின்னர். 1804இல் நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை திருகோணமலையில் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி. பள்ளிப் படிப்பையும் முடிக்காத மகன் 1819இல், பதினைந்தாவது வயதில், சிலோன் ரைபிள் படையில் அதிகாரியானார்.

அது சாதாரண காலமல்ல. 1817-18 ஊவா - வெல்லஸ்ஸ கிளர்ச்சி அப்போதுதான் நசுக்கப்பட்டிருந்தது. வெல்லஸ்ஸவின் முஸ்லிம் தவள வணிகர்களில் ஒருவரான ஹாஜியை ஆங்கிலேயர் முஹாந்திரமாக்கியது அந்தக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று. அவர் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். இனி மலைக்குள் இராணுவம் விரைந்து போக வேண்டும் என்றே ஆளுநர் பார்ன்ஸ் வீதி கேட்டார். வீதி எதற்காக முதலில் வருகிறது என்பது நமக்கும் தெரியாததல்ல.

1820இல் கடுகண்ணாவையில் வேலை தொடங்கியபோது ஸ்கின்னருக்கு வீதி போடும் கலை எதுவும் தெரியாது. வேலை செய்துகொண்டே கற்றார். பின்னர் காட்டையும் மலையையும் அளந்து வரைபடம் தயாரித்தார். பாதை தேடும்போது அவருக்கு வழிகாட்டியவை யானைத் தடங்கள். மலைச்சரிவில் மிகவும் எளிதான ஏற்றத்தை யானை தவறாமல் தேர்ந்துகொள்ளும் என்பதைக் கவனித்து, பல இடங்களில் அதே தடத்தில் வீதியை இழுத்தார்.

வெட்டியது யார்? முதலில் இராஜகாரியத்துக்குப் பிடிக்கப்பட்ட கண்டிய விவசாயிகள். 1832இல் அது ஒழிக்கப்பட்ட பிறகு, பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர் இருந்த பயனியர் படை. கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்து வழியில் மடிந்தவர்களும் தமிழர்களே. அவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ஸ்கின்னருடன் வேலை செய்த கப்டன் டோசனுக்கோ கடுகண்ணாவையில் ஒரு கோபுரமே நிற்கிறது.

ஸ்கின்னரை வெறும் ஆட்சியின் ஆளாகத் தள்ளிவிடவும் முடியாது. சாராயத் தவறணைகளால் கிராமங்கள் சீரழிவதையும், குளங்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் தன் அரசுக்கே எதிராக 1849இல் எழுதியவர். வீதிகளுக்கும் பின்னர் பொதுவேலைகளுக்கும் பொறுப்பாக இருந்து 1867இல் ஓய்வுபெற்றபோது, நாட்டில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது. 1877இல் இங்கிலாந்தில் இறந்தார். அவரது நினைவுக் குறிப்புகள் 1891இல்தான் நூலாயின.

கடுகண்ணாவையில் துளைக்கப்பட்ட பாறை இன்றும் இருக்கிறது. புதிய வீதி அதன் ஓரமாகப் போகிறது. பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.