ஒரு முட்டையா, பல முட்டையா? 1978-லேயே வழி சொன்ன டாக்டரின் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளுக்கு மதுரை பஸ் பழகிப்போன ஒன்று. கையில் ஒரு ஃபைல், ஐஸ் பேக் வைத்த சின்னப் பையில் ஹார்மோன் ஊசி. தினமும் எதற்கு ஊசி? உருவான கருவை உடனே வைக்காமல் ஏன் உறைய வைக்கிறார்கள்? இந்த இரண்டையும் சேர்த்து இந்தியாவில் முதலில் செய்து பார்த்தவர் ஒரு கொல்கத்தா டாக்டர்.

பெயர் சுபாஷ் முகோபாத்யாய். 1931 ஜனவரி 16-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் எம்.பி.பி.எஸ்., பிஎச்.டி., பிறகு எடின்பரோவில் ஹார்மோன் ஆய்வில் இன்னொரு பிஎச்.டி.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். அதன் பின்னால் இருந்த எட்வர்ட்ஸ், ஸ்டெப்டோ ஜோடி பல வருஷம் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முயன்றது. முட்டைகள் நிறைய கிடைத்தன, கரு மட்டும் தங்கவில்லை. என்னன்னா, ஊசி போட்ட மாதத்தில் கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் பக்குவத்தில் இருப்பதில்லை. அதனால் ஊசியையே விட்டுவிட்டார்கள். இயற்கையாக வளரும் ஒரே ஒரு முட்டை, அதை எடுக்க லேப்ராஸ்கோப். அது தவறினால் அந்த மாதம் போச்சு.

சுபாஷ் ஊசியை விடவில்லை. முட்டை எடுக்கும் மாதத்தையும் கரு வைக்கும் மாதத்தையும் பிரித்துவிட்டார். எச்.எம்.ஜி. ஊசி போட்டுப் பல முட்டைகளை வளர்த்தார். (மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது!) லேப்ராஸ்கோப் இல்லாமல் பிறப்புறுப்பு வழியாகவே முட்டைகளை எடுத்தார். உருவான கருக்களை உறைய வைத்து, ஊசி போடாத வேறொரு மாதத்தில் கருப்பைக்குள் வைத்தார். உறைய வைக்கும் வேலையில் சுனித் முகர்ஜியும், மகப்பேறு பக்கம் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் கூட இருந்தார்கள். 1978 அக்டோபர் 3-ல் துர்கா பிறந்தாள். லூயிஸ் பிறந்து வெறும் 70 நாள்.

பாராட்டு வரவில்லை, விசாரணைதான் வந்தது. மேற்கு வங்க அரசு போட்ட குழுவின் தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர்! உறைந்த கரு குழந்தையாகும் என்பதைக் குழு நம்பவே இல்லை. சுபாஷ் பக்கமும் ஒரு பலவீனம் இருந்தது. குழந்தையின் பெற்றோர் வெளியே தெரிய விரும்பவில்லை, விரிவான ஆய்வுக் கட்டுரையும் அவரிடமிருந்து வரவில்லை. ஆனால் ஜப்பானில் போய் விளக்க அழைப்பு வந்தபோது அரசு அனுமதி தரவில்லையே, அதை என்ன சொல்வது? 1981 ஜூனில், ஹார்மோனுக்குச் சம்பந்தமே இல்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஜூன் 19-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50.

அதே 1981 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறந்தது, ஊசி முறையில். 1984-ல் ஆஸ்திரேலியாவில் உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது.

இன்று டாக்டர்கள் பேசும் 'ப்ரோட்டோகால்' எல்லாம் இந்த ஊசிப் பாதையின் கிளைகள்தான். லாங் ப்ரோட்டோகாலில் முந்தின மாதமே தொடங்கி, சுமார் இரண்டு வாரம் உடலின் சொந்த ஹார்மோனை அடக்கிவிட்டு, அப்புறம்தான் முட்டை வளர்க்கும் ஊசி. ஆன்டகனிஸ்ட் முறையில் மாதவிடாயின் 2 அல்லது 3-ம் நாளே ஊசி தொடங்கும். முட்டை முன்கூட்டியே வெடிக்காமல் தடுக்கும் மருந்து ஐந்தாறு நாள் கழித்துச் சேரும். குழந்தை பிறக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் இரண்டாவதில் ஊசி குறைவு, சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்தும் குறைவு. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் தேர்வு செய்கிறார்கள். அந்த ஆபத்து தெரிந்தால் எல்லாக் கருவையும் உறைய வைத்து, வேறொரு மாதத்தில் வைக்கிறார்கள்.

1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் நாட்டின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று அதுவரை சொல்லி வந்தோம். அதைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானி டி.சி.ஆனந்த் குமார், சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். 1997-ல் அந்த முதலிடம் சுபாஷுக்கே உரியது என்று எழுதி, தன் பெயரிலிருந்த பெருமையைத் தானே விட்டுக்கொடுத்தார். துர்கா தன் 25-வது வயதில், தான் யார் என்று வெளியே வந்து சொன்னார்.