பேராலய முற்றத்துப் பளிங்குக் கல்

இத்தாலிய நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே பேராலயத்தின் வேலைமுற்றத்திற் பளிங்குக் கல்லொன்று நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. காராரா மலையில் வெட்டியெடுத்த அக்கல்லில் அகொஸ்தீனோ என்னுஞ் சிற்பி 1464 ஆம் ஆண்டு வேலை தொடங்கி இடையிற் கைவிட்டார். 1476 இல் அதனை ஏற்ற உரொசெல்லீனோவும் அவ்வாறே விட்டகன்றார். உயரத்திற்கேற்ற பருமனில்லாத கல். முன்னையோர் உளி பட்ட வடுக்கள் வேறு. கால் நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த அதனை 1501 ஆகஸ்ட் 16 ஆம் நாள் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் உடன்படிக்கை எழுதி ஏற்றார். அவரே மைக்கலாஞ்சலோ.

1475 இற் கப்ரேசே என்னும் சிற்றூரிற் பிறந்த அவருக்குப் பாலூட்டிய செவிலி கல்தச்சர் குடியினள். அப்பாலோடு உளியையும் சுத்தியலையும் தாம் உண்டதாகப் பிற்காலத்தில் நகையாகக் கூறுவாராம். மகன் கைத்தொழிலில் இறங்குதல் குடிக்கு இழுக்கென எண்ணிய தந்தையார் அடித்தும் பார்த்தார்; பயனில்லை. ஓவியர் கிர்லாந்தாயோவிடம் மாணாக்கராயிருந்து, பின்பு லொரென்சோ மெடிச்சியின் ஆதரவிற் சிற்பம் பயின்றார்.

களிமண்ணிற் குறைந்தவிடத்து அப்பிக்கொள்ளலாம். கல்லிலோ வெட்டியது வெட்டியதே. நீர்த்தொட்டியிற் கிடத்திய உருவமொன்றை மெல்ல உயர்த்தினால் மேடான உறுப்புக்கள் முன்னரும் தாழ்ந்தவை பின்னருமாகப் புலப்படுமன்றோ? அவ்வாறே முன்புறத்திலிருந்து படிப்படியாக உட்சென்று செதுக்குவது அவர் முறை என்பர். கூருளியாற் பெரும்பகுதியைத் தகர்த்து, பல்லுளியால் உருத்திரட்டி, ஈற்றில் மெருகிடுவர். இம்முறையிற் பிழை நேரினும் திருத்துதற்கு உள்ளே கல் எஞ்சியிருக்கும். மெலிந்த அப்பளிங்கிலோ எஞ்சுதற்கு அதிகமில்லை. ஆதலின் ஒவ்வோரடியும் துணிந்து அடித்த அடியே.

கல்லைச் சுற்றி அடைப்பெழுப்பி, பிறர் காணாவண்ணம் அவர் வேலை செய்தார். திங்களுக்கு ஆறு பொற்காசு ஊதியம். ஆயினும் 1503 ஜூன் 23 இல், அந்நகரின் காவலரான அருளப்பர் திருநாளின் முன்னாள், அடைப்புத் திறக்கப்பட்டது, ஊரார் கண்டனர். முற்றுப்பெறாத பணியைப் பொதுமக்கள் கண்முன் நிறுத்துதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! மறைவில் இருந்த ஈராண்டினும் அவ்வொருநாளே அவருக்குக் கடினமாயிருந்திருக்கும் என்பது எம் கருத்து.

கோலியாத்தை எதிர்நோக்கி நிற்கும் தாவீதாக, 17 அடி உயரத்தில், கல் உருப்பெற்றது. அதனை எங்கே நிறுத்துவது என ஆராய 1504 ஜனவரியிற் கூடிய அவையில் லியொனார்டோ டாவின்சியும் பொத்திச்செல்லியும் இருந்தனர். மே 14 இல் வாயிலின் மேற்சுவரை இடித்துச் சிலையை வெளிக்கொணர்ந்தனர். மரச்சட்டத்திற் கயிற்றால் தொங்கவிட்டு, நெய்பூசிய உருளைமரங்களின்மேல், நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் நான்கு நாள் நகர்த்தினர். இரவிற் சிலர் கல்லெறிந்தமையாற் காவல் வைக்க நேர்ந்தது. நகரத் தலைவர் மூக்குப் பருத்ததென்று குறைகூற, சிற்பி ஏறிச்சென்று உளியால் தொடாமலே கையிலிருந்த பளிங்குத்தூளை உதிர்த்து அவரை மகிழ்வித்தார் என்றொரு கதையுண்டு. நம்புதற்கரிது, ஆயினும் அத்தகைய தலைவர் எந்நாட்டிலும் உளர்.

1527 இற் கலகத்தில் இடக்கை மூன்று துண்டாயிற்று. 1543 இற் பொருத்தினர். 1873 இற் சிலையைக் கலைக்கூடத்துக்கு மாற்றினர். சதுக்கத்தில் இன்று நிற்பது 1910 இல் வைத்த படியே.

சிற்பியோ முதுமையிலும் உளியை விடவில்லை. தடித்த தாளாலான தொப்பியில் மெழுகுதிரியை நிறுத்தி இரவிலும் செதுக்கினார். அறுபது கடந்த அவர் கால்மணிப்போதிற் சிதறடித்த கல்லை இளந்தச்சர் மூவர் நெடும்பொழுதிலும் பெயர்த்திரார் என, நேரிற் கண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிவைத்தார். 1564 பெப்ரவரி 18 இல், எண்பத்தெட்டாம் வயதில், உரோமாபுரியில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்வரை நின்றுகொண்டே செதுக்கிய சிலை இன்று மிலான் நகரில் உள்ளது. வடிவத்தை இடையில் மாற்றியமையால், முன்னை வடிவுக்குரிய கையொன்று உடலோடு சேராது அதன் பக்கத்தே தனித்து நிற்கிறது.