மௌலவி மும்தாஸ் அலி

தமிழ் மட்டுமே கற்ற நம் மாணவர்க்கு இப்பெயர் புதிதாயிருக்கலாம். உர்து பயின்ற பெரியோர் அறிவர். 1860ஆம் ஆண்டு தேவ்பந்தில் பிறந்து, அவ்வூரின் புகழ்மிகு மதரஸாவில் மார்க்கக் கல்வி பெற்றவர் மும்தாஸ் அலி. பின்னர் லாகூரில் வாழ்ந்தார். அங்கே கிறித்துவப் பாதிரிமாருடன் நிகழ்ந்த வாதங்களில், முஸ்லிம் பெண்டிரின் தாழ்நிலையே எதிர்த்தரப்பின் படைக்கலமாக இருக்கக் கண்டார். அந்நிலைக்குக் காரணம் திருமறையா, வழக்கமா என்னும் வினா அவருள் எழுந்தது.

விடையாக அவர் எழுதிய நூலே ‘ஹுகூகுன் நிஸ்வான்’. பெண்களின் உரிமைகள் என்பது பொருள். பெண்கல்வி, பர்தா, மணமுறை யாவும் அதில் ஆராயப்பட்டன. எனினும் பெரும் புயலுக்குரிய பகுதி பலதார மணம் பற்றியதே. அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் நான்கு மனைவியர் வரை அனுமதித்து, நீதி செலுத்த இயலாதென அஞ்சுவோர் ஒருத்தியோடு நிற்கப் பணிக்கிறது. அதே அத்தியாயத்தின் 129ஆம் வசனமோ, எத்துணை விரும்பினும் மனைவியரிடையே முழு நீதி செலுத்த இயலாதென்கிறது. இரண்டையும் இணைத்து நோக்கின் அனுமதி நடைமுறையில் விலக்கே என்றார் மும்தாஸ் அலி. உலமாக்கள் இதனை ஏற்றிலர். முன்னது உணவு, உடை, உறைவிடம், தங்கும் இரவு ஆகியவற்றின் நீதி. பின்னது உள்ளத்து அன்பு. அன்பைப் பங்கிடுமாறு மார்க்கம் பணிக்கவில்லை என்பது அவர்தம் விளக்கம். அதுவும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அன்பற்ற சோற்றுப் பங்கீட்டை நீதியென ஏற்க மும்தாஸ் அலியின் மனம் ஒப்பவில்லை.

கையெழுத்துப்படியை அலிகருக்கு எடுத்துச்சென்று சர் சையத் அகமது கானிடம் காட்டினார். சீர்திருத்தச் செம்மல் சினந்து, அதனைக் கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்தாராம். அவர் உணவுண்ண எழுந்து சென்றதும், மும்தாஸ் அலி கிழிந்த தாள்களைப் பொறுக்கியெடுத்தார். ஆனால் பெரியவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. 1898 மார்ச்சில் சர் சையத் மறைந்த பின்னரே நூல் அச்சேறியது.

அதே ஆண்டு தம் துணைவியார் முகம்மதி பேகத்தை ஆசிரியராக்கி, ‘தஹ்ஸீபுன் நிஸ்வான்’ என்னும் மகளிர் வார இதழைத் தொடங்கினார். முகவரி தேடி இலவசமாக அனுப்பிய பிரதிகள் பல, உறைமேல் வசை எழுதப்பெற்றுத் திரும்பின. இதழ் நிற்கவில்லை. 1908இல் முகம்மதி பேகம் இளவயதிலேயே மறைந்த பின்னும் அது தொடர்ந்தது.

மும்தாஸ் அலி 1935இல் காலமானார். பலதார மணம் பற்றிய அவர் முடிவைச் சட்டம் ஏற்கவில்லை. ஆனால் நான்காண்டுகள் கழித்து வந்த 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், குர்ஆனின் நெறிப்படி மனைவியரைச் சமமாக நடத்தாத கணவனிடமிருந்து விடுதலை கோரும் உரிமையை மனைவிக்கு அளித்தது.